காணிப்பாக்கத்துக்கு பான் கார்டு கேட்டார்கள்

சித்தூர் பஜார் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறதே, கீழே செருப்புக்கடை, மேலே கம்ப்யூட்டர் சென்டர், அது நான் கட்டியது. கடன் தர முடியாது என்று பேங்கில் கையை விரித்த பிறகு கட்டியது. அந்த சென்டரில் கணக்கெழுதப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு சித்தூரிலும் திருப்பதியிலும் எந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாலும் ஒரு நாற்காலியில் இருப்பார்கள். உட்காரவைத்தது நான். நகரியில் தறிச் சத்தத்துக்கு நடுவிலே பிறந்த பெண்களை பஸ் ஏற்றி அழைத்துவந்து கீபோர்டு முன்னால் உட்காரவைத்ததும் நான்தான். குடிபாலாவில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல், அடுத்தவர் கரும்பை வெட்டிக் கஞ்சி குடித்த வீட்டில் பிறந்தவன். ஆறாம் வகுப்பில் என்னைப் பெயிலாக்கினார்கள். பதிலுக்கு நான் பள்ளிக்கூடத்தைப் பெயிலாக்கினேன். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பட்டம் அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தம்பட்டம்தான். என் தம்பட்டத்தை நான் அடிக்காமல் விட்டால் வேறொருவர் தூக்கிக்கொண்டு போய், தன்னுடையது என்று மேடையில் அடித்துவிடுவார். அடித்தும்விட்டார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹால். மேடைக்குப் பின்னால் பேனர்; டிஜிட்டல் தொழில்நுட்பமும் ஆடிட்டர்களின் திறமையும் என்று என்னவோ எழுதியிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடிட்டர் சுதர்சனம் சார் நிற்கிறார். முடி முழுக்க வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பின்னாலிருந்த திரையில் ஒரு போட்டோ வந்தது. குளத்துப் படிக்கட்டில் இரண்டு பேர் ஈர வேட்டியோடு நிற்கிறார்கள். கீழே இடம், தேதி, நேரம் எல்லாம் மஞ்சள் எழுத்தில் பதிந்திருக்கிறது. "இந்த மாதிரி இடமும் நேரமும் பதிஞ்ச போட்டோவை ஆதாரமா வைக்கலாம்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்று சொல்கிறார். ஹால் முழுக்கக் கைத்தட்டல்.

கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா, மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி போவுது? யாரு செத்தாங்க?"

"யாரும் சாவல. உயிரோட கீறவன் பொருளை எடுத்துக்கினு போறாங்க."

அந்த ஈர வேட்டியைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் முதலில் ஏறியது குளத்துத் தண்ணீர் வாசனை இல்லை, மண்ணெண்ணெய் வாசனை. ஏனென்று சொல்கிறேன். எனக்கும் கணக்கு உலகத்துக்கும் தொடக்கமே மண்ணெண்ணெய்தான். வாலிப வயதில் சித்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மிஷின் துடைக்கும் வேலை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, எழுத்துக் கம்பிகளுக்கு இடையில் ஒட்டியிருக்கும் மையை எடுக்கவேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் அம்மா சோற்றுத் தட்டை எட்டவைத்து நீட்டுவாள், அவ்வளவு நாற்றம். ஆங்கில எழுத்தெல்லாம் எனக்கு அப்படித்தான் பழக்கம். எது அழுக்கு சேரும் எழுத்து, எது சேராத எழுத்து என்று தெரியும். சேர்த்துப் படிக்கத்தான் தெரியாது.

முதலாளிக்கு வயதாகி, கம்ப்யூட்டர் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபோது அவர் பயந்து இடத்தை விடப் பார்த்தார். நான் பயப்படவில்லை. எனக்கு டைப்ரைட்டரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. இரண்டும் தெரியாதவனுக்கு எது போனால் என்ன, எது வந்தால் என்ன? வாடகையை நான் ஏற்றுக்கொண்டேன். மிஷின்களை எடைக்குப் போட்டேன். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்குப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். மிஷினுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று ஏ.சி. போட்டார்கள். மத்தியானத்தில் அந்தக் குளிர்ச்சியில் மிஷின்களோடு சேர்ந்து நானும் தூங்கினேன். யாராவது பெரிய மனிதர் வந்தால் எழுந்து, சந்தையில் மாட்டின் முதுகில் கை வைத்து நிற்பதுபோல மானிட்டரின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு பட்டனையும் நான் அழுத்தியதில்லை. பாடம் எடுக்க சம்பளத்துக்கு ஆள் வைத்தேன். ஆனால் பிள்ளைகள் என்னைத்தான் "சார்" என்று கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பு பெயிலானவனை!

படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே. அந்தக் காலத்தில் ஊரில் பெரிய ஆடிட்டர் என்றால் சுதர்சனம் சார்தான். காந்தி சிலைக்குப் பக்கத்து மாடியில் ஆபீஸ். இரண்டு டஜன் வாழைப்பழமும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஒருவனை மட்டம் தட்டவேண்டும் என்றால் மட்டும் தெலுங்குக்குப் போவார்.

"ஏமய்யா, எந்தவரக்கு சதிவாவு?" என்றார். எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்கிறார்.

"ஆறாவது சார்."

"பாசா?"

"இல்ல சார்."

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "வாழைப்பழத்தை வச்சிட்டுப் போ. புள்ளைங்களை அப்புறம் பார்க்கலாம்" என்றார். படியிறங்கி வரும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இந்த ஆபீசில் இருக்கிற ஒவ்வொரு நாற்காலியும் என் சென்டரில் பழகிய நாற்காலியாக ஆகவேண்டும். ஆயிற்று. கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறினபோது அவருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொருத்தராக என் பிள்ளைகளைத்தான் எடுத்தார். ஒரு கட்டத்தில் அங்கே என்னிடம் படிக்காதவர் அவர் ஒருவர் மட்டும்தான்.

எதிரியானாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். கையால் எழுதின காலத்தில் அவர் பெரிய வித்தைக்காரர். சிவப்புப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வெல்ல மண்டிக்கே நேரில் வருவார். நம் சித்தூர் வெல்ல மண்டி வாசனை தெரியுமா உங்களுக்கு? காய்ச்சின பாகும் கோணியும் மழைத்தண்ணீரும் சேர்ந்த வாசனை. நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அங்கே முனிரத்தினம் கடையில் மூட்டை மேல் உட்கார்ந்து, வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டே கணக்கைப் புரட்டுவார். ஒரு வரியில் பென்சில் நிற்கும். "இது இன்னா? ஏன்?" அவ்வளவுதான் கேட்பார். அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பயந்து முனிரத்தினம் முதல் நாளே தூங்கமாட்டான். ஆடிட்டர் வேலை என்பதே அந்த ஒரு வார்த்தைதான் என்று நான் நினைக்கிறேன். கூட்டுவதற்கு மிஷின் போதும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அவர் மண்டிக்கு வருவதை நிறுத்தினார். வரிசையாக, சுத்தமாக, கூட்டல் தப்பாமல் பிரின்ட் வருகிறது. என்னத்துக்கு வெல்லத்தில் கால் வைக்கவேண்டும்? கையெழுத்தே பென்டிரைவ் மாதிரி ஒரு குச்சிக்குள் போய்விட்டது. அந்தக் குச்சி அவர் மேஜை டிராயரில் கிடக்கும். கடைசித் தேதி நெருங்கினால் ஆபீஸ் பிள்ளைகள் எடுத்துச் சொருகி, நம்பரை அடித்து, ஓகே கொடுத்துவிடுவார்கள். சார் அப்போது கல்யாண வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் மலை மேலே தரிசனத்தில் இருப்பார்.

இப்போது மண்டி வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். வெல்லம் வேர்க்கும். சித்தூரில் லாரி ஏறும்போது ஒரு எடை, வேலூரிலோ சென்னையிலோ இறங்கும்போது ஒரு எடை. மழைக்காலத்தில் பாதி கோணியே குடித்துவிடும். அனுப்பினவன் முழு எடை அனுப்பினேன் என்பான், வாங்கினவன் குறைந்தது என்பான். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், இரண்டு பேர் பேச்சும் நம்பும்படிதான் இருக்கும். போலீஸ், கோர்ட் எல்லாம் எங்களுக்கு எதற்கு? காணிப்பாக்கத்தில் கிணற்றுக்குள்ளே எழுந்த விநாயகர் இருக்கிறார். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்யவேண்டும். யார் தயங்குகிறானோ, யார் வரவில்லையோ, அவன் தோற்றவன். நஷ்டம் அவன் தலையில். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு வருவார்கள். துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

முனிரத்தினம் கணக்கை சுதர்சனம் சார் ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தவள் ரேவதி. நகரிப் பெண், அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். என் சென்டரில் படித்ததிலேயே வேகமான கை அவளுடையதுதான். அவளுக்கு ஒரு சிக்கல். வேலூர்க்காரரிடமிருந்து வரவேண்டியதில் கொஞ்சம் குறைகிறது. அதை எங்கே தள்ளுவது? கம்ப்யூட்டர் விடாது, பார்ட்டி பேர் என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கும். போனில் முனிரத்தினத்தைக் கேட்டாள்.

"அண்ணா, இந்த டிஃபரன்ஸ் எங்க போச்சு?"

"அது காணிப்பாக்கத்துல போயிட்ச்சிம்மா. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். பார்ட்டி பேர்: காணிப்பாக்கம்.

யோசித்துப் பாருங்கள், அவள் மேல் என்ன தப்பு? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதிலுக்கு அர்த்தம் தெரியும்: சத்தியத்தில் தீர்ந்தாயிற்று, நஷ்டம் நம் தலையில். அவளுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது. ஒரு தடவை எழுதியாயிற்று என்றால் அடுத்த தடவை கே, ஏ என்று இரண்டெழுத்து தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே எழுதிக்கொடுக்கும். அவ்வளவு ஒத்தாசை. ஒவ்வொரு மழைக்காலமும் காணிப்பாக்கம் வளர்ந்தது. கடைசியில் முனிரத்தினத்திடம் பாக்கி வைத்திருக்கும் பெரிய வியாபாரிகள் வரிசையில் விநாயகர் மேலே வந்து நின்றார். வருஷா வருஷம் ஆடிட்டர் கையெழுத்தும் விழுந்துகொண்டே இருந்தது. பழைய சிவப்புப் பென்சிலாக இருந்தால் அந்த வரியில் நின்றிருக்கும். டிராயரில் கிடக்கிற குச்சி எங்கே நிற்கும்?

எங்கே தட்டவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவேண்டியவர் அவர். இதை எந்த மேடையிலும் நான் சொல்வேன்.

வருமான வரியிலிருந்து நோட்டீஸ் வந்தது. இப்போதெல்லாம் ஆபீசரை யாரும் பார்க்கமுடியாது. எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறார், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. திரையில் கேள்வி மட்டும் வரும். உங்கள் பெரிய பாக்கிதாரர் காணிப்பாக்கம் என்பவரின் பான் எண், முழு விலாசம், இவ்வளவு பாக்கி உண்டு என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், மூன்றையும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. முனிரத்தினம் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் சென்டருக்கு ஓடிவந்தான்.

"ணா, அட்ரஸ் வேணா கொடுத்துடலாம். காணிப்பாக்கம், கிணத்துக்குள்ள. பான் கார்டுக்கு எங்க போவேன்?"

அவனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சுதர்சனம் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் சிரிப்பு போய்விட்டது.

நான் படியேறும்போதே சத்தம் கேட்டது. ஆபீஸ் நடுவில் ரேவதி நிற்கிறாள். சுற்றிலும் என் பிள்ளைகள், அத்தனை பேரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவர் குரல் ஏறியது.

"வாய்யா வா. ஆறாங்கிளாஸ் பெயிலானவன் வளர்த்தா இப்டித்தான் இருக்கும். சாமியைக் கடன்காரனாக்கிட்டா உன் புள்ள!"

ரேவதி அழவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெண், சத்தத்துக்குப் பழகினவள். "சார், ஒவ்வொரு வருசமும் உங்க கையெழுத்து கீது சார் அதுல" என்றாள்.

"நான் எங்கம்மா போட்டேன்? நீதானே குத்தின!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஒரு ஆடிட்டர், தன் ஆபீசில், தன் ஆட்கள் முன்னால், கட்சிக்காரன் முனிரத்தினம் வாசலில் நிற்கும்போது, நான் கையெழுத்துப் போடவே இல்லை என்று சொல்லிவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான சத்தம் நான் கேட்டதில்லை. முன்பு அந்த ஆபீஸ் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த மின்விசிறியில் சுற்றிக் காற்றாய்ப் போயிற்று.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்கே ரேவதியை நிறுத்திவிட்டார்.

அப்போதே நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கலாம். ஆனால் இந்தக் கதை ஊரில் பரவினால் என் சென்டர் பிள்ளைகளை எந்த ஆடிட்டர் எடுப்பார்? "காணிப்பாக்கம் இன்ஸ்டிடியூட்" என்று பேரே வைத்துவிடுவார்கள். அதனால் யோசித்தேன். நான் யோசிப்பது வாசலில் நின்று பீடி குடிக்கும்போதுதான். கீழே செருப்புக்கடையில் ஒரு பையன் தன்னையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். போட்டோவில் ஊர்ப் பேரும் நேரமும் தானாக விழுந்தது. திருவண்ணாமலை கிரிவலம் போனதை அப்படி எடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பினானாம், நிஜமாகவே போனேன் என்று காட்ட. "மாமியாரே நம்பிட்டாங்க சார்" என்றான்.

மாமியார் நம்பினால் வருமான வரிக்காரர் நம்பமாட்டாரா?

முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனேன். அப்புறம் ராணிப்பேட்டை, சென்னை. சத்தியத்தில் கலந்துகொண்ட வியாபாரிகள் ஒவ்வொருவரையும் பார்த்து, மறுபடி ஒருமுறை காணிப்பாக்கம் வந்து, நடந்ததை என் போன் முன்னால் சொல்லவேண்டும் என்று கேட்டேன். வந்தார்கள். கோயிலுக்குள் போன் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அதனால் குளத்துப் படிக்கட்டிலேயே நிறுத்தினேன். வேலூர் மொத்தக் கடைக்காரர் பெரியவர், கரையிலே நின்று பேசச் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"முழுவாம சொன்னா அது பேச்சு. முழுவிட்டு சொன்னாதான்பா கணக்கு" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் இறங்கினால் முனிரத்தினம் நிற்கமுடியுமா? குளிரில் நடுங்கிக்கொண்டே, "எங்க நைனா காலத்துல சாமி பார்த்தா போதும். இப்ப போனும் பார்க்கணுமா ணா?" என்று கேட்டான். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. எனக்குப் போன் பிடிக்கத் தெரியாது; ஒரு மூலையில் என் கட்டைவிரல் விழுந்துவிட்டது. திருப்பதித் திரையில் அந்த மூலையை மட்டும் வெட்டியிருந்தார்கள். எவ்வளவு கவனம் பாருங்கள். காணிப்பாக்கம் என்ற பெயர் வருஷக்கணக்காகக் கண்ணில் படாத மனிதருக்கு என் கட்டைவிரல் பட்டிருக்கிறது.

போட்டோவும், வியாபாரிகள் பேசினதும், அவரவர் கணக்கில் அதே வித்தியாசம் எழுதியிருந்த பக்கங்களும் சேர்த்து ரேவதியே பதில் தயார் செய்தாள். முதலில் மண்டி வழக்கத்தை விளக்கி எழுதினாள், அப்புறம் ஆதாரம் வைத்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் "ஏன்" என்று அவளே கேட்டுக்கொண்டு எழுதினாள். சுதர்சனம் சார் பேரில்தான் அது போனது, வேறு வழியில்லை, ஆடிட்டர் அவர்தானே. முகம் தெரியாத அந்த ஆபீசர் ஏற்றுக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. கொஞ்ச நாளில் மாம்பழக் கூழ் பாக்டரிகளுக்கு ஸ்டாக் பார்க்க அவர் ஆட்கள் போனோடு கிளம்பினார்கள். டிரம் முன்னால் நின்று இடமும் நேரமும் பதிகிற மாதிரி போட்டோ. பேங்குகளில் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். "சுதர்சனம் முறை" என்றே பேராகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் படிக்கட்டுக்கு நேர் எதிரே வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் ஆபீஸ் திறந்தேன். ரேவதியை மானேஜராக உட்காரவைத்தேன். கையெழுத்துக்கு மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஆடிட்டரைக் கொண்டுவந்தேன். அவருக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, கையெழுத்துக் குச்சி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வரக்கூடாது, மாதம் ஒரு தடவை மண்டியில் கால் வைக்கவேண்டும். முதலில் முனிரத்தினம் வந்தான். அப்புறம் மண்டியே வந்தது. எதிர் மாடியிலிருந்து என் பிள்ளைகள் ஒவ்வொருத்தராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். ஒரு நாள் சுதர்சனம் சார் சித்தூரே வேண்டாம் என்று திருப்பதிக்குக் கிளம்பினார். மேஜை நாற்காலி ஏற்ற லாரி வேண்டும் என்று அவர் ஆள் அலைந்துகொண்டிருந்தான். நான்தான் லாரி பேசிக் கொடுத்தேன். வாடகையில் குறைத்தும் கொடுத்தேன். போகிறவரை வழியனுப்புவதில் எனக்கு என்ன கஞ்சத்தனம்?

அந்த மாடியை நானே வாடகைக்கு எடுத்தேன். அவர் அறை இருந்த இடத்தில், வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போ என்று அவர் சொன்ன அதே இடத்தில், மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டியிருக்கிறேன். வெள்ளை டைல்ஸ். தண்ணீர் எந்நேரமும் வரும்.

வீடியோ பார்த்த அன்றைக்கு சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

"ஏமய்யா, பாகுன்னாவா?" என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

"நல்லா கீறேன் சார். அந்த போட்டோ யாரு எடுத்தது சார்?"

"அது… டீம் வொர்க்குய்யா."

"டீமுன்னா பேரு இருக்கும் இல்ல? ரேவதி பேரு எங்க? எம்பேரு எங்க?"

"உம்பேரு போட்டா அங்க கேப்பாங்கய்யா. எல்லாம் படிச்சவங்க. இவர் குவாலிஃபிகேஷன் இன்னான்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

வாழைப்பழம் கொண்டுபோன நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு படிகூட இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. காணிப்பாக்கம் வாங்க. முழுவிட்டு வந்து, இது என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இத்தோட விட்டுடறேன்."

"முட்டி வலிய்யா எனக்கு. படியெல்லாம் இறங்க முடியாது" என்றார். போனை வைத்துவிட்டார்.

வராதவர் தோற்றவர். அது எங்கள் மண்டிச் சட்டம். என் வரைக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் இன்றைக்கு எத்தனை பேர்? லாரி எடைமேடை ஏறினதுமே சீட்டு இரண்டு பக்கத்துப் போனுக்கும் போய்விடுகிறது. எடைக்காகச் சத்தியம் செய்ய யாரும் குளத்தில் இறங்குவதில்லை. வேலூர்ப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகனுக்கு வழக்கமும் தெரியாது, நீச்சலும் தெரியாது. மண்டியில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. முனிரத்தினம் கணக்கை இப்போது அவன் மருமகள் பார்க்கிறாள். ஆடிட்டர் எப்படி இருப்பார் என்றே அவள் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். ரேவதி நாயுடுபேட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குத் தலைவியாக இருக்கிறாள். மெஷினே தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிறது சார் என்கிறாள். சொல்லட்டும். மூட்டை மேல் உட்கார்ந்து, வாயில் வெல்லத்தை அதக்கிக்கொண்டு, ஒரு வரியில் பென்சிலை நிறுத்தி "ஏன்" என்று கேட்ட ஆள் போய்விட்டார். அப்படிக் கேட்டவரும் அதே சுதர்சனம்தான் என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். அவ்வளவு கையில் வைத்திருந்தவருக்கு என்னுடையது எதற்கு?

ஆகையால் ஆடிட்டர் சார், இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆபீசில் இன்னும் என் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த கூட்டம் எந்த ஹாலில் வைத்தாலும், அதே மைக்கில், தமிழிலும் தெலுங்கிலும் இரண்டு தடவை சொல்லுங்கள்: இந்த முறையைக் கண்டுபிடித்தது குடிபாலாக்காரர் ஒருவர், எழுதிக்கொடுத்தது நகரிப் பெண் ஒருத்தி. என் பேரை முழுசாகச் சொல்லுங்கள். குவாலிஃபிகேஷன் என்ன என்று யாராவது கேட்டால், ஆறாவது, பெயில், என்று அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர்கள் கைத்தட்டட்டும்.